வேங்கைப் போத்தும் ஆடிப் புதுத்தண்ணீரும்

தம்பி வேங்கை மரத்தை விற்றுவிட்டான் என்பது அது விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பச்சைமலை அடிவாரத்தில், அப்பா விட்டுப்போன உழவுக்காட்டின் மூலையில் நின்ற மரம். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. அந்த மரத்துக் கட்டையை ராத்திரி தண்ணீரில் போட்டு வைத்துக் காலையில் அதைக் குடிப்பாள். அதனால்தான் நடமாடுகிறாள் என்று நான் நம்பினேன். நிலைக்கதவுக்கு ஆகும் என்று மர வியாபாரி கேட்டானாம், இவன் சரி என்றானாம்.

"அம்மாவுக்குத்தான் ரெண்டு மூட்டை கட்டை எடுத்து வெச்சிருக்கேனே. அவங்க காலத்துக்கும் வரும்," என்றான்.

"அம்மாவுக்கு வந்தது எனக்கு வராதா? என் பொண்ணுக்கு வராதா? அப்ப யார் வீட்டுக் கதவைச் சுரண்டிக் குடிக்கிறது?"

"வராத வியாதிக்கு இப்பவே மருந்து தேடுறியாக்கா?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். எதையும் பாதி தெரிந்துகொண்டு முழுசாகப் பயப்படுகிறவள் நான். ஆனால் இந்தப் பயத்தில் என்ன தப்பு?

சாய்ந்து கிடந்த மரத்தில், நட்டு வளர்க்கலாம் என்று விரல் கனக் கிளைகளைப் போத்துகளாக வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, நான் வாக்கப்பட்ட திருவானைக்காவலுக்கு பஸ் ஏறினேன். வேங்கையை வெட்டினால் சிவப்பாகக் கறை வடியும். சாக்கெல்லாம் நனைந்துவிட்டது. "என்னம்மா, கறியா?" என்று கேட்டுக் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

எங்கள் எதிர்வீட்டில் காலேஜில் செடி கொடிப் பாடம் நடத்தும் வாத்தியார் ஒருவர் குடியிருந்தார். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்தவரை வாசலிலேயே பிடித்தேன்.

"கிழ மரத்துக் கிளை லேசுல வேர் விடாதும்மா. இளந்துளிரா இருந்தா நல்லது," என்றார். வெளிநாட்டில் செடியிலிருந்து துளியூண்டு கிள்ளிக் கண்ணாடிக் குழாயில் வைத்தே புதுச்செடி உண்டாக்கிப் பார்க்கிறார்கள் என்றும் சொன்னார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மரத்தை வெட்டியவனுக்கு ஒரு கோடாலி போதும், வளர்க்கிற எனக்குக் கண்ணாடிக் குழாயா?

ஆனாலும் நடுவதற்கு அவர் சொன்ன முறைப்படியே செய்தேன். கறை வடிந்து தீரும்வரை போத்துகளைத் தண்ணீரில் நிறுத்தினேன். கொள்ளிடத்து மணலை அலசித் தொட்டியில் நிரப்பி நட்டு, மேலே கீற்று நிழல் போட்டேன். தண்ணீரைத் தெளிக்கலாம், ஊற்றக்கூடாது. தேங்கினால் அடி அழுகிவிடும்.

சில நாளில் துளிர்த்தன. நான் குதிக்காத குறை. "அது கட்டைக்குள்ள இருக்குற சத்தும்மா. வேர் இல்லாமலே இலை வரும்," என்றார் வாத்தியார். அவர் சொன்ன மாதிரியே ஒவ்வொன்றாகக் காய்ந்தது. ஒன்று மட்டும் வாடவில்லை. லேசாகத் தொட்டு இழுத்தேன். மணலைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. வேர்தான். அன்று அடுப்பில் பருப்பு தீய்ந்தது.

ஆடிப்பெருக்கன்று தம்பி சீர்வரிசையோடு வந்தான். நான் சித்திரான்னம் எடுத்துக்கொண்டு காவேரிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால், தொட்டியில் செக்கச்செவேல் என்று சேற்றுத் தண்ணீர் தளும்புகிறது. அந்தப் போத்துக்கு மஞ்சள் நூல் கட்டி, குங்குமம் வைத்து, மூன்று குடம் ஊற்றியிருக்கிறான்.

"புதுத்தண்ணிக்கா. உன் கோவம் தீரட்டும்னு ஆத்துலேருந்து நானே சுமந்து வந்தேன்."

"தண்ணி ஊத்தக்கூடாதுன்னு உனக்குச் சொல்லலையாடா?"

"இது காவேரித் தாய் தண்ணி. இதுல என்ன கெடுதல் வரும்?"

என்ன கெடுதலா? வண்டல் மணல்மேல் படிந்து சிமென்ட் பூசியது போல் இறுகிவிட்டது. சுரண்டிப் பார்த்தேன், துவாரம் போட்டுப் பார்த்தேன். பத்து நாளில் போத்தின் அடி கறுத்து, தொட்டால் வழுக்கியது. தெரியாமல் செய்தான் என்று வீட்டில் எல்லாரும் அவன் பக்கம் பேசினார்கள். மரத்தையும் தெரியாமல்தான் விற்றானா?

மறுநாளே பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். அவனை நாலு வார்த்தை கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது. காட்டில் அவனும், கடப்பாரையோடு இரண்டு ஆட்களும் நின்றார்கள். விறகுக்காக வேங்கையின் அடிக்கட்டையைத் தோண்டப் போகிறார்கள். அந்தக் கட்டையைச் சுற்றி, பட்டையைப் பிளந்துகொண்டு, பென்சில் கனத்துக்கு இளந்துளிர்கள். பாதியை ஆடு கடித்திருந்தது.

நான் போய்க் கட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன்.

"அக்கா, எழுந்திரு. ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"கட்டை கிடந்தா ஏர் ஓட்ட முடியாதுக்கா."

"சுத்தி ஓட்டு."

வெயில் ஏறியது. ஆட்கள் பீடி பற்றவைத்தார்கள். கடைசியில் அவன் அவர்களிடம் ஏதோ முணுமுணுத்தான், அவர்கள் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள்.

"வேலி முள்ளு வெட்டிட்டு வா," என்றேன்.

"நானா?"

"வேற யாரு வித்தா?"

அவன் முள் வெட்டிவந்து கட்டையைச் சுற்றி அடைக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை. கையில் முள் ஏறி ரத்தம் வந்தது, முகத்தைச் சுளித்தான். பாவமாக இருந்ததா என்றால், இல்லை. ஆடு தலையை நுழைக்கிற அளவுக்கு ஒரு சந்து விட்டிருந்தான். அதையும் அடைக்கச் சொன்னேன்.