நூலகரோடு பஸ் ஏறிய சட்டப் புத்தகம்

நேற்று பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் முகத்தில் அடித்தது. சேலை எடுக்கத்தான் திறந்தேன். மனமோ செங்கல்பட்டு நூலகத்துக்கு ஓடிவிட்டது. அங்கே குறிப்புதவிப் பகுதியிலும் இதே வாசம்தான். சேலைக்கும் சட்டத்துக்கும் பூச்சி ஒன்றுதானே!

தொண்ணூறுகளின் பின்பாதி. நானும் என் தோழி செல்வியும் மின்ரயிலில் சென்னைக்குப் போய்ச் சட்டம் படித்தோம். கல்லூரி இல்லாத நாளெல்லாம் அந்த நூலகம்தான். தடித்த சட்ட நூல்கள், அகராதிகள், அறவியல், பல்லவர் வரலாறு எல்லாம் ஒரே அலமாரியில் நெருக்கியடித்து நிற்கும். மாமல்லபுரத்து கைடுகள் வரலாற்றைப் புரட்ட வருவார்கள். படித்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வெள்ளைக்காரர்களுக்குச் சொன்னார்கள் என்பது என் சந்தேகம். அறவியலை நான் ஒருமுறை எடுத்தேன். நல்ல தூக்கம் வந்தது.

செல்வி தூங்க மாட்டாள். கருங்குழிப் பக்கம் சாலையோரப் புறம்போக்கில் அவள் வீடு. பெற்றோருக்கு நாற்று நடும் கூலி வேலை. தமிழ் வழியில் படித்தவள், அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆங்கிலச் சட்டத்தை வரிவரியாகக் கடப்பாள்.

ஒருநாள் அவள் அம்மா நூலகத்துக்கே ஓடிவந்தார்.

"இன்னாடி படிச்சுகினு கீற? வூட்ட நாளிக்கு இடிக்கப் போறாங்களாம். ஆபீசரு வந்து செவுத்துல குறி போட்டுகினு கீறாரு!"

"நோட்டீஸ் எதுனா குடுத்தாங்களா?"

"ஒண்ணும் குடுக்கல."

செல்வி சட்டப் புத்தகத்தில் நோட்டீஸ் பற்றிய பக்கத்தைத் தேடி எடுத்துவிட்டாள். ஜெராக்ஸ் எடுக்கலாமென்றால் ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. நூலகர் ஜெயராஜிடம் போய் நின்றாள். "சார், சாயங்காலம் கொண்டாந்து குடுத்துடறேன்."

"ரெஃபரன்ஸ் புக்கு என் கைய வுட்டுப் போவக் கூடாதும்மா," என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவரோ உதவியாளரிடம் சாவியைக் கொடுத்து, புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினார். "கெளம்புங்க. நானும் வரேன்."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது அவருக்கு மட்டும்தான். அதுவும் புத்தகம் கசங்குமே என்று யாரோ எழுந்து கொடுத்தது.

அதிகாரி வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். நோட்டீஸ் இல்லாமல் இடிக்கக் கூடாது என்று செல்வி சொன்னதும் முதலில் எரிந்து விழுந்தார். "யாரும்மா உனக்குச் சொன்னது?"

"புக்கு சொல்லுது சார்," என்றாள் செல்வி. ஆங்கிலத்தில் படித்து, அம்மாவுக்கும் கேட்கும்படி தமிழிலும் சொன்னாள்: எழுத்தில் தெரிவிக்காமல், பதில் சொல்ல அவகாசம் தராமல் வெளியேற்றக் கூடாது. அதிகாரி புத்தகத்தை வாங்கப் பார்த்தார். ஜெயராஜ் விடவில்லை; அவர் பிடித்திருக்க, அதிகாரி குனிந்து படித்தார். பிறகு, நாளைக்கு இடிக்க வர வேண்டாம் என்று ஆட்களைத் திருப்பி அனுப்பினார்.

அம்மா டீ போட்டார். கறை படுமே என்று நூலகர் தம்ளரைத் தொடவில்லை. அம்மா கையைத் துடைத்துவிட்டு மடியில் முந்தானையை விரித்தார். "இதுல வைங்க சார், பத்திரமா பாத்துக்கறேன்." அவர் குடித்து முடிக்கும்வரை அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த வீடு பல வருஷம் நின்றது. செல்வி வக்கீலானாள். பிறகு சாலை அகலமாக்க நோட்டீஸ் வந்தது. இப்போது வீடிருந்த இடத்தில் லாரிகள் ஓடுகின்றன. நோட்டீஸ் வந்த அன்று அவள் அதை முழுக்கப் படித்துவிட்டு, "இந்தத் தபா எல்லாம் கரெக்டா கீதும்மா. மாத்து எடம்கூடக் குடுத்துகீறாங்க," என்றாளாம்.

"எதுக்கும் அந்த சார இட்டுகினு வா. புக்கோட வரட்டும்," என்றார் அம்மா.

ஜெயராஜ் அதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே இறந்துவிட்டார். செல்வி அதை அம்மாவிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.