எஸ்டேட் லைன் மேல் போட்ட பழி

கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது என் வேலை. கோலா சாவா பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனை எஸ்டேட்டை ஒட்டிய எங்கள் வீட்டிலேயே செய்கிறேன். முன்னறையில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர். பின்னறையில், முடிந்த வீடியோக்களைச் சேர்த்து வைக்க இன்னொன்று. இரண்டும் கேபிள் வழியாக முன்னறை ரௌட்டரில் இணைந்திருந்தன.

முன்பெல்லாம் ஒரு கல்யாணத்தைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டுத் தேநீர் குடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். தீபாவளிக்குப் பிறகு அது ஊர்ந்துதான் போனது. சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு வந்தாலும் பாதிதான் போயிருக்கும்.

கம்ப்யூட்டர் வாங்கிய லுக்குட் டவுன் கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரர் முழுதாகக் கேட்கவில்லை.

“எஸ்டேட்டு வீடா? அங்க லைன் அப்படித்தான் லா இருக்கும், அக்கா.”

சுங்கை காடுட் தொழிற்சாலையிலிருந்து திரும்பிய கணவரும் அதையே சொன்னார். “டவுன் பக்கம் தாமான் குடியிருப்புல வீடு பாப்போம்னு அப்பவே சொன்னேன். எஸ்டேட்டுல உக்காந்துக்கிட்டு கம்ப்யூட்டர் வேலை பாத்தா இப்படித்தான்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பள்ளி பஸ் வராவிட்டாலும் எஸ்டேட், கரண்ட் போனாலும் எஸ்டேட். சிறு வயதிலிருந்து கேட்டுச் சலித்த பதில். என் வீட்டு முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போகிற வீடியோவுக்கும் வெளியிலிருந்து வரும் இன்டர்நெட் லைனுக்கும் என்ன சம்பந்தம்?

அவர் கண்ணெதிரே இன்டர்நெட் லைனை ரௌட்டரிலிருந்து பிடுங்கினேன். மறுபடி அனுப்பினேன். அதே ஆமை வேகம்.

“இப்ப லைனே இல்ல. இன்னும் எஸ்டேட்டைத்தான் சொல்வீங்களா?”

அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்னறைக் கம்ப்யூட்டரை முன்னறைக்குத் தூக்கி வந்து, வேறொரு சின்னக் கேபிளில் ரௌட்டரோடு இணைத்தேன். வீடியோ பறந்தது. ஆக, கம்ப்யூட்டர்களும் ரௌட்டரும் நன்றாகவே இருந்தன. மிச்சம், பின்னறைக்குப் போகும் நீளக் கேபிள்தான். அதைக் கையால் தடவிக்கொண்டே போனேன். சமையலறைக் கதவுக்கடியில் அது தட்டையாக நசுங்கிக் கிடந்தது. உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்து வெளியே தெரிந்தது; மிச்சக் கம்பிகளில்தான் வீடியோ ஊர்ந்திருக்கிறது. மூடும்போதெல்லாம் கதவு கேபிள் மேல் ஏறி இறங்கியிருக்கிறது.

கணவர் வந்து குனிந்து பார்த்தார். “தீபாவளிக்கு நான் மாட்டுன கதவா?”

“அதேதான்.”

புதுக் கேபிள் வாங்கி வந்தவர் அதைப் பழைய வழியிலேயே இழுக்கப் பார்த்தார். விடவில்லை. நாற்காலி போட்டு ஏறி, கதவுக்கு மேலே சுவரோரமாகக் கேபிளை நானே ஆணி அடித்துப் பொருத்தினேன். அன்று மாலையே தேங்கிக் கிடந்த கல்யாணங்கள் எல்லாம் பின்னறைக்குப் போய்ச் சேர்ந்தன.

கடைக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“கேபிளா? எஸ்டேட்டுல எலி கடிச்சிருக்கும், அக்கா.”

“எலி இல்ல, கதவு. உங்க டவுன்லயும் வீட்டுக்குக் கதவு இருக்குல்ல?”

தாமான் பேச்சு இன்னும் எங்கள் வீட்டில் எழுகிறது. போகலாம், எனக்கொன்றும் பிடிவாதம் இல்லை. ஆனால் எஸ்டேட்டைக் குறை சொல்லாமல் வேறு காரணம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.