பிரேக் ஆயில் நாற்றம்

கொதிக்க வைப்பதற்காகக் கருவிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த இடுக்கி என் கைக்கு வந்தது. தையல் போடும்போது ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கிற, கத்தரிக்கோல் மாதிரியான இடுக்கி. அதன் பற்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு ரப்பர் துணுக்கு ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். இனிப்பும் மீன் கவிச்சியும் கலந்த ஒரு நாற்றம். பிரேக் ஆயில். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் அந்த இடுக்கியால் தன் காரின் பிரேக் குழாயைக் கவ்வி வைத்திருந்தார். வேலை முடிந்ததும் துணியில் ஒரு துடை துடைத்து, மறுநாள் யார் உடம்பையோ தொடப்போகிற தட்டிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்.

திண்டிவனத்தில் அவருடைய கிளினிக்கில் பதினோரு வருஷம் நர்ஸாக இருந்தேன். கைராசிக்காரர் என்று ஊரில் பெயர். அதில் பொய்யில்லை, குழந்தைகளுக்கு வலிக்காமல் ஊசி போடுவார், கிழவிகளின் கதையைப் பொறுமையாகக் கேட்பார். அந்தக் கார் வரும்வரை அவரைப் பற்றி நான் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரும்பை கிராமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பியபோது விட்டுச்சென்ற வண்டி அது. என்னைவிட வயதான ஸ்போர்ட்ஸ் கார்; இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், மேலே கூரை கிடையாது, சைக்கிளைப் போலக் கம்பி வைத்த சக்கரங்கள். கயிறு கட்டி இழுத்து வந்தபோது இருக்கைக்கு அடியில் எலிக்குஞ்சுகள் இருந்தன. நோயாளிகள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டு அதை நிறுத்தினார். எந்த மெக்கானிக்கையும் அதன் மேல் கை வைக்க விடவில்லை. தடிமனான இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் தானே செய்தார். மருந்துச்சீட்டுக் கட்டுக்குப் பக்கத்திலேயே அந்தப் புத்தகம் கிடக்கும், பக்கமெல்லாம் எண்ணெய் விரல் ரேகையோடு.

முதலில் எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. கிழிந்த தோல் இருக்கையைத் காயம் தைக்கிற ஊசியாலும் நரம்பு நூலாலும் அவர் தைத்ததை வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஸ்டெதஸ்கோப்பின் குழாயை மட்டும் கழற்றிக் காதில் வைத்து, எஞ்சினின் இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவில் காற்றை இழுக்கிறதா என்று கேட்பார். துருவைச் சுரண்டிய இடத்தை ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டால் கழுவுவார். பழைய பிரேக் ஆயிலை ஊசிக்குழலில் உறிஞ்சி, சீழை ஏந்துகிற எனாமல் ட்ரேயில் விடுவார். அந்த ட்ரேயைக் கழுவுவது என் வேலை. இடுக்கியில் ரப்பரைப் பார்த்த அன்று அவரிடம் காட்டினேன். தப்புதான் என்று உடனே ஒப்புக்கொண்டு, காருக்கென்று தனியாக ஒரு செட் வாங்கிச் சிவப்பு டேப் சுற்றி வைத்தார். ஒரு மாதத்தில் டேப் உரிந்து இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோயின. நான் மறுபடி சொல்லவில்லை. இன்னொரு தடவை கழுவினேன், இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்க வைத்தேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை மட்டும் இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. மறுநாள் பாண்டிச்சேரியில் பழைய கார்கள் ஊர்வலம். பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்று டாக்டர் ரப்பர் வாஷர்களையெல்லாம் புதிதாக மாற்றியிருந்தார். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே படுத்துத் திருகாணியைத் திறந்து மூட. கூட்டம் இல்லாத நேரம் என்று என்னைக் கூப்பிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் பெருமையாக இருந்தது. தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். "அமுக்குங்க சிஸ்டர். புடிங்க. விடுங்க" என்று கீழேயிருந்து குரல் வரும். அமுக்குவேன், பிடிப்பேன், விடுவேன்.

ஒரு சக்கரம்தான் முடிந்திருந்தது. கேட்டைத் தள்ளிக்கொண்டு இரண்டு பெண்கள் வந்தார்கள். காணை கிராமத்துப் பக்கத்திலிருந்து கரும்பு வெட்ட வந்திருந்த கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். இளையவளின் இடது கையில் ஒரு துண்டு சுற்றியிருந்தது. துண்டின் நிறம் இன்னதென்று தெரியாத அளவுக்கு ரத்தம். கரும்பு வெட்டும் கத்தி உள்ளங்கையில் இறங்கியிருந்தது. நான் காலை எடுத்துவிட்டு இறங்கப் போனேன்.

"காலை எடுக்காதீங்க சிஸ்டர்" என்றார் டாக்டர், தலையை வெளியே நீட்டாமலே. "இப்ப விட்டா மறுபடியும் காத்து பூந்துடும். அவங்கள உக்காரச் சொல்லுங்க. இன்னும் மூணு வீல்தான்."

உட்காரச் சொன்னேன். கையை உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். பின்சக்கரத்தில் ஒரு திருகாணி துருப்பிடித்து இறுகியிருந்தது. அதற்கு எண்ணெய் விட்டார், தட்டினார், காத்திருந்தார், மறுபடி தட்டினார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் காலை மணி அடித்தது. பிறகு இடைவேளை மணியும் அடித்தது. அவள் பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு அமுக்கினேன், பிடித்தேன், விட்டேன்.

கடைசியில் டாக்டர் என்னை இறக்கிவிட்டுத் தானே பெடலை அமுக்கிப் பார்த்தார். அது அசையாமல் நின்றது. குழந்தை மாதிரி சிரித்தார். பிறகு கையைப் பஞ்சில் துடைத்து, குழாயடியில் ஒரு தடவை சோப்புப் போட்டுக் கழுவி உள்ளே வந்தார். கையுறையை மாட்டும்போதே அதன் வெளிப்பக்கத்தில் கறுப்புக் கறை பதிந்தது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். வேறு கையுறையை அவர் கேட்கவில்லை, நான் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. கரும்புச் சோகையும் மண்ணும் காயத்துக்குள் இருந்தன. மேலாகக் கழுவிவிட்டுப் பத்து நிமிஷத்தில் தைத்து முடித்தார். கொட்டகையில் இன்னும் பாலிஷ் வேலை பாக்கி இருந்தது.

நாலாம் நாள் அவள் வந்தபோது முழங்கைவரை வீங்கியிருந்தது. கட்டைப் பிரித்ததும் வந்த நாற்றத்தில், இத்தனை வருஷம் இதே தொழிலில் இருந்த நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டாக்டர் ஒரு ஊசி போட்டு விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே அவள் உயிரைக் காப்பாற்றினார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது.

ஒரு மாதம் கழித்துப் புருஷனோடு வந்தாள். அவன் சத்தம் போடவில்லை. வெறுமனே எப்படி இப்படி ஆனது என்று கேட்டான். கத்தியில் துரு இருந்திருக்கும், மண் புகுந்திருக்கும், அதோடு வந்ததே தாமதம் என்று டாக்டர் நிதானமாக விளக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், அன்னிக்கு இவங்க எத்தனை மணிக்கு வந்தாங்க?"

"மத்தியானம் ஆயிடுச்சுங்க டாக்டர்" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. அவர் அமுக்கச் சொன்னார், நான் அமுக்கினேன் என்பது போலத்தான் அதுவும் வந்தது. அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள்.

"நீங்க அந்த வண்டியில குந்திக்கினு இருந்தப்பவே நான் வந்துட்டேன் சிஸ்டரு" என்றாள். புருஷனிடம், "வா, போலாம்" என்றாள்.

அன்றே வேலையை விட்டேன் என்று எழுதத்தான் ஆசை. இன்னும் எட்டு மாதம் அங்கேயே இருந்தேன். அதன் பிறகுதான் விழுப்புரத்துக்குக் குடிவந்து வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். இங்கிருந்து காணை அரை மணி நேர பஸ் பயணம். அவள் ஊர் அதுதான் என்று கிளினிக் நோட்டில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இருபது வருஷத்தில் ஒரு நாளும் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

சென்ற மாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மருமகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். டாக்டர்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. பச்சைக் கார் பளபளத்தது. எந்த மெக்கானிக்கும் தொட்டதில்லை, எல்லாம் இந்தக் கை செய்தது என்று ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். ஆபரேஷன் கருவிகளை வைத்தே ரிப்பேர் செய்வாராம். இடுக்கியை எடுத்துக் கிளிக் கிளிக்கென்று ஆட்டினார். பேட்டி எடுத்தவர் சிரித்தார். வீடியோவுக்குக் கீழே ஆயிரம் பேர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். அவர்மீது மட்டுமா அருவருப்பு என்று கேட்டால், அந்தக் கையைவிட, அன்று பெடலை அமுக்கிய என் காலை நினைத்துத்தான் எனக்கு அதிகம் கூசியது.

மறுநாள் காணைக்குப் போனேன். இரண்டு விரல் இல்லாதவள் என்று விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்; இடது கையின் மூன்று விரல்களால் பிடித்து, வலது கையால் உடைத்து. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே சொன்னேன்: நீ காலையிலேயே வந்தாய், நான் பொய் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே வந்து சொல்றீங்க" என்றாள். "அவரு கிட்ட சொன்னீங்களா?"

இல்லை என்றேன். சொன்னால் போன் பண்ணுங்கள் என்று நம்பரைக் கொடுத்தாள்.

அங்கிருந்தே திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். டாக்டர் கொட்டகையில்தான் இருந்தார். என்னைப் பார்த்து மனதார மகிழ்ந்தார். கையில் எண்ணெய் மசி இருந்ததால் முழங்கையால் நாற்காலியைத் தள்ளி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. அந்த நாளைப் பற்றி, அந்தப் பெண்ணைப் பற்றி, கறை படிந்த கையுறையைப் பற்றி, என் பொய்யைப் பற்றி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் வந்தபோது பள்ளிக்கூடத்தில் காலை மணிகூட அடித்திருக்கவில்லை என்று சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். கோபப்படுவார், மறுப்பார், ஒருவேளை அழுவார் என்றுகூட நினைத்திருந்தேன். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"பாண்டி ஊர்வலத்துக்கு மொத நாளா? ஞாபகம் இருக்கு சிஸ்டர். அன்னிக்குத்தான் பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு. அப்புறம் இன்னிவரைக்கும் அந்த பிரேக்குல கை வைக்கல."

அந்தப் பெண்ணை அவருக்கு நினைவில்லை. மறைக்கிறார் என்றால் வெறுக்கவாவது முடியும், உண்மையிலேயே நினைவில்லை. டீ சொல்லட்டுமா என்று கேட்டார். வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு போன் செய்தேன்.

"சொல்லிட்டேம்மா" என்றேன்.

"இன்னா சொன்னாரு?"

கொஞ்சம் பூசி மெழுகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "பிரேக் நல்லா நின்னுச்சுன்னு சொன்னாரு" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் காறித் துப்புவது கேட்டது.

"சரி, கொழாயில தண்ணி வந்துட்ச்சி, வெக்கிறேன்" என்றாள்.