ஓவசியர் ஐயா போட்ட பாதிப் புள்ளி

நடராசா ஓவசியர் ஐயா போய்ச் சேர்ந்துவிட்டார் என்று குண்டசாலையிலிருந்து என் பேத்தி போன் பண்ணினாள். கச்சேரியில் அரசாங்க உத்தியோகம், செய்தியெல்லாம் அவளுக்குத்தான் முதலில் வரும். எனக்கு அழுகை வரவில்லை. இனி யாரிடம் கேட்பது என்றுதான் தோன்றியது.

புசல்லாவை ரோட்டு வேலையில், ஐயாவின் மேற்பார்வையில் நாங்கள் ஆறு பெண்கள். ஐயாவிடம் வேறு ரோடுகளில் வேலை செய்த உங்களுக்கும் தெரியும், வருஷம் ஒரு தடவை பெரிய ஆபீஸ் கந்தோரிலிருந்து படிவம் வரும். தனி வேலைக்கு ஒரு கட்டம், சேர்ந்து செய்யும் வேலைக்கு ஒரு கட்டம். புள்ளி போடுவது ஐயா. அந்த வருஷம் எங்களில் ஒருத்தியைத் தலைவியாக்கப் போவதாகக் கதை. நான்தான் என்று இருந்தேன். வரிசையில் நின்று கல் நிரப்பிய இரும்புச் சட்டியை, அந்தத் தாச்சியை, கைக்குக் கை மாற்றும்போது, மற்றவள் ஒன்று மாற்றுவதற்குள் நான் இரண்டு மாற்றுவேன்.

ஒருநாள் ஐயாவின் மோட்டார்சைக்கிள் மேல் படிவம் கிடந்தது. அதை வாசிக்க அஞ்சாம் வகுப்புப் படிப்பு போதாதா? தனி வேலைக்கு எனக்கு முழுப் புள்ளி. மற்றதில் பாதி. எனக்குப் பக்கத்தில் நிற்கும் பாக்கியம், ஆமை மாதிரி வேலை செய்கிறவள், அவளுக்கு அதில் முழுசு! தினமும் ஐயாவுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுவருகிறவளும் அவள்தான். விடுவேனா?

“பார்சலுக்கும் புள்ளி உண்டுங்களா ஐயா?”

யாழ்ப்பாணத்து மனுஷன், கோபப்படவில்லை. “உன்ர கெட்டித்தனத்தை நான் குறைக்கேல்லை பிள்ளை. ஆனா நீ தாச்சியைக் குடுக்கிறேல்லை, எறியிறாய். பாக்கியத்தின்ர காலை எப்பவாவது பாத்தனியோ?”

போய்ப் பார்த்தேன். பெருவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது.

“ஏன்டி, வாயத் தொறந்து சொன்னா என்ன?”

“சொன்னா ஒங்க வேகம் கொறஞ்சிருமே அக்கா” என்று சிரித்தாள், கள்ளி.

தலைவி வேலை அவளுக்கே போனது. ஐயா ஓய்வு பெற்ற அன்று மறுபடியும் கேட்டேன்: “இன்னைக்காவது உண்மையச் சொல்லுங்க. பார்சலுக்கு ஒரு புள்ளியாவது போட்டீங்களா இல்லையா?”

“சோறு நல்லாத்தான் இருந்தது பிள்ளை” என்று சொல்லிவிட்டு மோட்டார்சைக்கிளை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

அந்தச் சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை. இனிப் போகவும் போகாது. ஆனால் தேத்தண்ணிக் கோப்பையோ கைக்குழந்தையோ, யாரிடம் எதைக் கொடுத்தாலும், பிடித்துவிட்டார்களா என்று பார்த்துத்தான் இன்றும் கையை எடுக்கிறேன். ஐயாவுடையது என்று என்னிடம் இருப்பது அதுதான்.