அடுப்புப் பக்கம் போகாதவனின் காயம்

அந்த பேக்கரியில் அவனை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். கேக்குக்கு க்ரீம் பூசுவது அவன் வேலை. வாய் ஓயாமல் பேசுவது இலவசம். பிறந்தநாள் கேக்கில் பெயர் எழுதும்போது பிழை வந்துவிட்டால், அதன் மேல் ஒரு க்ரீம் பூவை வைத்து மறைத்துவிடுவான். பிழை பெரிதென்றால் பூந்தோட்டமே போட்டுவிடுவான்.

வீட்டில் அவனுக்கு அம்மா மட்டும்தான். அவள் இறந்த மறுவாரமே வேலைக்கு வந்து, முன்னைவிட அதிகமாகச் சிரிக்கவைத்தான். பரவாயில்லை, சீக்கிரம் தேறிவிட்டான் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள்.

ஒருநாள் மாவு மூட்டையைத் தூக்கும்போது சட்டைக் கை மேலேறியது. முன்கையில் காயங்கள், சில ஆறியவை, சில புதியவை. அடுப்பு சுட்டுவிட்டது என்றான். அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெக்கை பட்டால் க்ரீமோடு சேர்ந்து நானும் உருகிவிடுவேன் என்று அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காதவன் அவன்.

முதலாளியிடம் சொன்னாள். நாலு பேர் தன்னைக் கவனிக்க வேண்டுமென்று பண்ணுகிறான், கண்டுகொள்ளாதே என்றார்.

"கவனிக்கணும்னா எதுக்குங்க முழுக்கைச் சட்டைக்குள்ள மறைக்கிறான்?" என்றாள். 

அவனை நன்றாகத் திட்டிவிடலாம் என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. ஆனால் மதியம் டீயோடு எதிரே உட்கார்ந்தவனைப் பார்த்ததும் திட்டு வரவில்லை.

"அது அடுப்பு இல்லன்னு தெரியும்டா. செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

"இல்லக்கா. அம்மா போனதுல இருந்து அழுகையே வரல. நெஞ்சு அப்படியே அடைச்சுக்கிட்டு நிக்குது. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. எல்லாரும் என்கிட்ட சிரிக்கத்தானே வர்றீங்க?"

அவள் உபதேசம் பண்ணவில்லை. டீ ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, மனநல ஆலோசகரிடம் போகலாம், நானும் கூட வருகிறேன் என்றாள்.

போனார்கள். வரவேற்பறைப் பெண்ணைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தான். திரும்பி வந்தபோது கண்கள் வீங்கியிருந்தன. "பாவம் உள்ள இருக்கிற அந்தம்மா, ஒரு டிஷ்யூ டப்பாவையே காலி பண்ணிட்டேன்" என்றான்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. நடுவில் ஒருமுறை மறுபடியும் தன்னைக் காயப்படுத்திக்கொண்டான். அன்று அவனே அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னான். வேலையைப் போட்டுவிட்டு ஓடினாள். மறுநாள் அவனாகவே ஆலோசகரைப் போய்ப் பார்த்தான்.

இப்போது சில நாட்களில் ரேடியோ பேசாமலே க்ரீம் பூசுகிறான். என்னாச்சு, சிரியேன் என்று யாரும் தொந்தரவு செய்வதில்லை. முதலாளி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். செர்ரிப் பழங்களின் காம்பைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.