எங்கள் வீட்டுப் பாம்புக்குக் கை பழக்கியது

மகள் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டுச் சென்னையிலிருந்து வந்தபோது மூன்று பைகளோடு இறங்கினாள். இரண்டை என்னிடம் கொடுத்தாள். மூன்றாவதைக் கொடுக்கவில்லை. உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறும்போதுகூட அதை மடியிலேயே வைத்திருந்தாளாம். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது. கள்ளக்குறிச்சியில் இத்தனை வருடமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பைக்குள் எதையோ ஒளித்துவைத்திருக்கும் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியாதா?

உள்ளே ஒரு பெட்டி, அதில் பழுப்பும் கரும்பழுப்புமாகத் திட்டுத் திட்டாக ஒரு மலைப்பாம்பு இருந்தது. ஆப்பிரிக்க இனமாம். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளுமாம். வளர்ந்தாலும் நாலைந்து அடிதானாம். விஷம் இல்லையாம். வெளிநாட்டுக்குப் படிக்கப்போன தோழி விட்டுவிட்டுப் போனதாம், பதிவுக் காகிதமும் இருக்கிறதாம். எத்தனை 'ஆம்' என்று எண்ணிக்கொண்டே வந்தேன். மண்ணுளிப் பாம்பை விற்கப்போய் மாட்டிக்கொண்டவர்களின் கதை எங்கள் பக்கத்தில் ஏராளம். காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தேன். பிறகு போனில் மண்ணுளியின் படத்தை எடுத்து, வாலும் தலையும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பெட்டிக்குள் ஒப்பிட்டுப் பார்த்தேன். மண்ணுளி இல்லை. அப்படியும் எனக்கு நிம்மதி வரவில்லை.

அது கடித்துவிடும் என்று நான் பயப்படவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் சின்னக் களம், அதைத் தாண்டி மக்காச்சோளக் காடு. கல்வராயன் மலையில் மழை பிடித்தால் கோமுகி வாய்க்கால் நிறைந்துவிடும். வயலில் ஊர்வதெல்லாம் மேடு தேடி எங்கள் களத்துக்கு ஏறிவரும். இங்கே பிள்ளைகளைப் பாம்பைக் கண்டால் ஓடச்சொல்லித்தான் வளர்க்கிறோம். இதைத் தடவித் தடவி என் ஒரே மகளுக்கு அந்தப் பயம் விட்டுப்போனால், களத்தில் ஒருநாள் வேறு எதையாவது தொட்டுவிடுவாளே என்பதுதான் என் கவலை.

சொன்னபோது சிரித்தாள். "பயம் எனக்கில்லம்மா. அதுக்குத்தான்."

அது உண்மைதான். முதல் வாரம் முழுக்க அது பெட்டிக்குள் கவிழ்த்திருந்த சட்டியை விட்டு வெளியே வரவில்லை. மகளும் தொடவில்லை. தான் உடுத்திக் கழற்றிய பழைய துப்பட்டாவை மட்டும் உள்ளே போட்டுவைத்தாள், வாசனை பழகட்டும் என்று. இரண்டாவது வாரம் கையை உள்ளே வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் தூக்க ஆரம்பித்தாள். மேலிருந்து கை வந்தால் பருந்து என்று நினைக்குமாம், அதனால் பக்கவாட்டில்தான் கொண்டுபோவாள். முதலில் ஒரு காகிதச் சுருளால் நடு உடம்பில் மெதுவாகத் தொடுவாள். இரை இல்லை, கைதான் வருகிறது என்று அதற்குத் தெரிய வேண்டுமாம். இரை தின்ற பிறகு இரண்டு நாள் தொடக்கூடாது. தூக்கினால் பத்தே நிமிஷம்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குச் செய்தி எப்படிப் போனது என்று தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சள், குங்குமம், ஒரு டம்ளர் பாலோடு வந்து நின்றார்.

"இன்னா டீச்சர், வூட்ல பூச்சி வளக்கிறீங்களாமே? நான் புத்துக்குப் போய்க்கினு இருந்தேன். அவ்ளோ தூரம் எதுக்கு, இங்கியே ஊத்திடலாம்னு வந்துட்டேன்."

"அது பால் குடிக்காதுங்க அத்தை," என்றாள் மகள்.

"பின்ன இன்னா துன்னும்?"

"எலி."

"நல்லதாப் போச்சு. எங்கூட்டுல ஜாஸ்தியா கீது. ராவுக்கு ஒருவாட்டி அனுப்பி வையி."

பாலை நான் வாங்கிக்கொண்டேன். அதில் காபி போட்டு அவருக்கே கொடுத்தேன்.

ஒரு மாதம் போனதும் மகள் என்னிடம் வந்தாள். "ஒரே ஆள் கைக்குப் பழகினா போதாதும்மா. இன்னொரு கையும் தெரியணும். நீ ஒரு பத்து நிமிஷம் வச்சிக்கயேன்." என் வாயை அடைக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். கூடவே இருந்தால் அவளைக் கண்காணிக்கலாமே.

முதல்நாள் என் கையில் அது பந்தாகிவிட்டது. தலை எங்கே என்றே தெரியவில்லை. பயத்தில் நான் மூச்சை இழுத்துப் பிடித்தேன், அது இன்னும் இறுகியது. "உன் மூச்சு அதுக்குத் தெரியும்மா, மெதுவா விடு," என்றாள். நான் மனதுக்குள் பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொன்னேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ தலை வெளியே வந்தது. நாக்கு என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தது. அப்புறம் பள்ளி விட்டு வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு பெட்டியைத் திறப்பது என் வேலையாகிவிட்டது. காகிதச் சுருள்கூடத் தேவைப்படவில்லை. விரலுக்கு விரல் நழுவிப்போகும்போது அதன் கனம் குளிர்ச்சியாக இருக்கும். ஓசூரில் வேலை பார்க்கும் இவள் அப்பா போன் பண்ணினால், "என்ன, உன் சின்னப் பொண்ணு சாப்பிட்டாச்சா?" என்பார். சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன். மகளைக் கண்காணிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தேன்.

அறுவடை முடிந்து, மக்காச்சோளக் கதிரைக் களத்தில் காயப்போட்டிருந்த சமயம். மலையில் இரண்டு நாள் விடாத மழை. கதிரைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் கல் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் வெயில் வந்தது. பூசணம் பிடிப்பதற்குள் கதிரைப் பரப்பிவிட வேண்டும். அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவர் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைத் தூக்கினேன்.

கதிரின்மேல் அது சுருண்டு கிடந்தது. பழுப்பு நிறம், அதன்மேல் கரும்பழுப்பு வட்டங்கள். அதே பருமன்.

அக்கா கத்தினார். "ஐயோ, பூச்சி! கட்டைய எடுங்க டீச்சர், கட்டைய எடுங்க!" அவரே சுவரோரம் சாய்த்திருந்த விறகுக்கட்டையை எடுத்து ஓங்கிவிட்டார்.

"அடிக்காதீங்க! எங்களுதுதான். நேத்து பெட்டி கழுவுனப்ப வெளிய வந்திருக்கும்."

அதைச் சொல்லிக்கொண்டே குனிந்தேன். முந்தின நாள் மகள் பெட்டியைக் கழுவினாள், உண்மை. பூட்டினாளா என்று நான் யோசிக்கவில்லை. வீட்டில் எல்லாவற்றையும் இரண்டு முறை பார்க்கிறவள் நான், கேஸ் மூடியிருக்கிறதா என்று பாதி வழியில் திரும்பிவருகிறவள். அன்று எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது, அந்தக் கட்டை அதன்மேல் விழுந்துவிடுமோ என்று. கையைச் சரியாகக் கொண்டுபோனேன். மேலிருந்து இல்லை, பக்கவாட்டில். மூச்சை மெதுவாக விட்டேன்.

அது சீறியது. குக்கரில் ஆவி வெளியேறுவதுபோல, நிற்காமல், உடம்பு முழுவதும் உப்பி உப்பி. எங்கள் பாம்பு ஒருநாளும் அப்படிச் சத்தம் போட்டதில்லை. அது காதில் விழுந்தும் என் கை நிற்கவில்லை. பாவம், பயந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

"அம்மா! நம்மளுது உள்ள இருக்கு!"

பின்வாசலில் மகள் நின்றிருந்தாள். ஒரு கையில் பல் விளக்கும் பிரஷ்.

"இங்க பாரு. கைய மெதுவா எடு. வெடுக்குன்னு இழுக்காத. அப்படியே பின்னால வா. அத்தை, கட்டையக் கீழ போடுங்க, அசையாதீங்க."

ஒரு சாண் இருந்திருக்கும். அதற்குக் குறைவாகவும் இருந்திருக்கலாம். நான் பின்னால் வந்தேன். எத்தனை அடி எடுத்துவைத்தேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

தீயணைப்பு நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்து நீளமான கொக்கியால் அதை ஒரு பிளாஸ்டிக் டிரம்முக்குள் இறக்கினார்கள். ஒருவர் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்: "கண்ணாடி விரியன்ங்க. மலப்பாம்புக் குட்டின்னு நெனச்சு கை வக்கிறவங்கதான் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க."

அக்காவுக்கு அதற்குள் தைரியம் வந்திருந்தது. "எங்களுதுன்னு சொன்னீங்களே டீச்சர், இப்ப டிரம்ம வாங்கி உள்ள வச்சிக்கிறீங்களா?"

மகள் சிரிக்கவில்லை. என்னைக் குழாயடியில் உட்காரவைத்து இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். கடியே இல்லை, எதற்குக் கழுவுகிறாய் என்று கேட்டேன். ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள். முடித்துவிட்டு மறுபடி முதல் விரலிலிருந்து ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலம் அவளாகவே கேட்டாள்: "யாருக்காவது குடுத்துடலாமாம்மா?" அத்தனை மாதமாக நான் காத்திருந்த கேள்வி. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெட்டிக்குள் இருப்பது ஒரு தப்பும் செய்யவில்லை. "ஆனா இனிமே நான் தொடமாட்டேன்," என்றேன். "தொட நான் விட்டாத்தானே," என்றாள். பெட்டிச் சாவியைத் தன் ஜீன்ஸ் பையில் போட்டுக்கொண்டாள். இப்போது என்னை நம்பாதது அவள்.

மழை பெய்த மறுநாள் காலையில் அவள்தான் முதலில் களத்தில் இறங்குகிறாள். ஒரு மூங்கில் கம்பால் தார்ப்பாயைத் தட்டி, ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வரலாம்," என்று குரல் கொடுப்பாள். அதுவரை நான் சமையலறை ஜன்னலில் நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கம்பு இன்னும் ஒரு முழம் நீளமாக இருக்க வேண்டும். சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள்.