சடகோபன் பூஜை போட்ட விமானம்

அமெரிக்காவில், பிளானோ என்ற ஊரில் சாஃப்ட்வேர் வேலை பார்த்து ரிட்டயர் ஆன சடகோபன், பக்கத்து ஊர் விமான மியூசியத்தில் சனிக்கிழமைதோறும் சம்பளமில்லாத கைடு. அவர் சொல்வது ஒரே கதைதான். இரண்டாம் உலகப் போர் சமயத்தில், இதே மைதானத்தில் எவனோ சக்கரத்து முட்டுக்கட்டையை எடுத்துவிட, ஆளே இல்லாத பயிற்சி விமானம் சரிவில் உருண்டு கேன்டீனுக்குள் புகுந்தது. "அறிவுகெட்ட பயல்!" என்று தமிழிலேயே திட்டி முடிப்பார். வெள்ளைக்காரர்களும் புரிந்ததுபோல் தலையாட்டுவார்கள்.

இப்போது மியூசியத்தில் நிற்கும் அதே விமானத்துக்குப் போன மாதம் புது டயர் மாட்டினார்கள். புது டயருக்குப் பூஜை போடாமல் விடலாமா? மனைவி பத்மாசினியோடு கிளம்பிப் போனார். குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. பழம் நசுங்க வேண்டுமே?

"ஒரு சாண் நகர்ந்தா போறும்" என்று குனிந்து முட்டுக்கட்டைகளை உருவினார்.

சரிவு அன்றிருந்த மாதிரியே இருந்தது. விமானம் பழத்தின் மேல் ஏறி, பூஜையை வேடிக்கை பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்த கூட்டத்தைத் தாண்டி, அதே இடத்தில் திரும்பக் கட்டியிருந்த கேன்டீனுக்குள் போய் நின்றது. காபி மெஷினைத் தவிர யாருக்கும் அடியில்லை.

"அறிவுகெட்ட..." என்று ஆரம்பித்த சடகோபன், தன் கையிலிருந்த கட்டையைப் பார்த்து அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

பத்மாசினி டயர் போன தடத்தைக் குனிந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"பழம் நன்னா நசுங்கிடுத்துண்ணா. இனிமே இந்த ப்ளேனுக்கு ஒரு ஆக்ஸிடெண்டும் வராது."